பவர் கூட்டிய காருக்குப் பெட்ரோல் போதுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரீமேப் செய்த கார்கள் (இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவில் உள்ள மேப்பை, அதாவது பெட்ரோல் அளவு போன்றவற்றின் அட்டவணையை, பவருக்காக மாற்றி எழுதியவை) இப்போது ஓசூரில் மட்டுமல்ல, பாலக்கோட்டிலும் அரூரிலும்கூட ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் எங்கள் பட்டறையில் கேட்பதில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது: டர்போவையும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றியாயிற்று, அதற்குப் பெட்ரோல் ஈடுகொடுக்குமா? டேங்கிலிருந்து இன்ஜெக்டர் முனை வரை உள்ள அந்தப் பாதையைப் பற்றிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பெட்ரோல் கார்களுக்குத்தான் இது. டீசலுக்குக் கடைசியில் ஒரு சின்னப் பதில் உண்டு.

ஸ்டேஜ் 1 ரீமேப் (பார்ட்ஸ் மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றுவது) மட்டும் செய்திருக்கிறேன். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எந்தக் கம்பெனியும் இன்ஜினின் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துத்தான் பம்பையும் இன்ஜெக்டரையும் போடும். கோடையில் பெட்ரோல் சூடேறினாலும், பில்டர் பாதி அடைத்தாலும், பேட்டரி சோர்ந்திருந்தாலும் வண்டி ஓடியாக வேண்டுமே. ஸ்டேஜ் 1 அந்த மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் என்னவென்றால், எட்டுப் பத்து வருடம் ஓடிய காரில் அந்த மிச்சம் ஏற்கெனவே கரைந்திருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லீனியா டி-ஜெட், பழைய ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ரீமேப்புக்குப் போகும் முன் பில்டரை மாற்றி, பிரஷரை ஒருமுறை அளந்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். டர்போவையே பெரிதாக்கினால் கதை வேறு. அப்போது கீழே உள்ள கணக்குகள் எல்லாம் தேவைப்படும்.

மேல் ஆர்பிஎம்மில் வண்டி திணறுகிறது. பெட்ரோல் போதவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

திணறல் ஓர் அறிகுறிதான். ஸ்பார்க் பிளக் இடைவெளி அதிகமாக இருந்தாலும், காயில் பலவீனமாக இருந்தாலும், இன்டர்கூலர் ஹோஸ் பிளந்திருந்தாலும் வண்டி அதே மாதிரிதான் திணறும். ஆகவே பம்பை ஆர்டர் போடும் முன் அளந்து பாருங்கள்.

முதலில் ஸ்கேனர். பி0171 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால் இன்ஜினுக்குக் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். பி0087 வந்திருந்தால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயில், பிரஷர் ஏறவில்லை. குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும் லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம்மை (இசியு நீண்ட நாளாகப் பெட்ரோல் அளவில் செய்துவரும் திருத்தத்தை) பாருங்கள். அது 10 சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் நின்றால், இசியு ஏற்கெனவே எங்கேயோ ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கேஜ். போர்ட்டில் (சிலிண்டருக்குள் காற்று போகிற வழியில்) பீய்ச்சுகிற சாதாரண இன்ஜெக்டர் கார்களில் ரெயிலில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டலாம். பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஹோஸ் இணைத்த, பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருக்கிற காரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை பிரஷர் 3 பார். டர்போ 1 பார் பூஸ்ட் தரும்போது ரெயில் பிரஷர் 4 பார் காட்ட வேண்டும். இன்ஜெக்டரின் வெளி முனையில் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுவதால், உள்ளே அதே அளவு கூடினால்தான் வித்தியாசம் 3 பாராகவே நிற்கும்.

இப்போது 5000 ஆர்பிஎம்மில் கேஜ் 4க்குப் பதிலாக 3.5 காட்டுகிறது என்று வையுங்கள். இன்ஜெக்டருக்குக் கிடைக்கிற வித்தியாசம் 2.5 பார்தான். பீய்ச்சுகிற அளவு பிரஷரின் வர்க்கமூலத்தை ஒட்டி மாறுவதால் பெட்ரோல் சுமார் 9 சதவீதம் குறைகிறது. லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவையின் அளவு: 1 என்றால் சரிசமம், குறைந்தால் பெட்ரோல் அதிகம் (ரிச்), கூடினால் பெட்ரோல் குறைவு (லீன்). 0.82 லாம்டாவில் இருக்க வேண்டிய இன்ஜின் 0.90க்குப் போய்விடும். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். முழு பூஸ்ட்டில் அது நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது), அதற்கு மேல் உருகிய பிஸ்டன்.

இந்த அளவீட்டை டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் மெஷினில்) செய்வதுதான் சரி. ரோட்டில்தான் பார்க்க முடியும் என்றால் எலக்ட்ரானிக் சென்சார் மாட்டி லாக் (பதிவு) எடுங்கள். அதைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். சூளகிரிப் பக்கம் லாரிகளுக்கு நடுவே ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய கேஜைப் பார்ப்பது வேண்டாத வேலை. பெட்ரோல் ஓடுகிற ஹோஸைக் கேபினுக்குள் இழுத்துக் கேஜ் வைப்பது அதைவிட மோசம்.

பம்பை முதலில் மாற்றுவதா, இன்ஜெக்டரையா?

இரண்டுக்கும் முன்னால் வயரிங்கும் பில்டரும். அப்புறம் பம்ப். இன்ஜெக்டர் கடைசியில், டியூனிங் நாளன்றுதான்.

காரணம் இது. நல்ல பம்பை மட்டும் போட்டால், ரெகுலேட்டர் தாங்குகிற வரை, மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். கார் பழைய மேப்பிலேயே ஓடும். இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் இசியுவுக்கு அது தெரியாது. பழைய இன்ஜெக்டர் என்று நினைத்து அதே மில்லிசெகண்ட் திறந்து வைக்கும். இன்ஜின் பெட்ரோலில் மூழ்கும், கறுப்புப் புகை வரும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வீணாகும். “இன்ஜெக்டரை இப்போது மாட்டிவிடுகிறேன், டியூனிங் அடுத்த மாதம்” என்று வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

எத்தனை சிசி இன்ஜெக்டர் வாங்குவது? கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு பிஎச்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் கேட்கும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 5.25 சிசி போதும். டர்போ காரில் சிலிண்டரைக் குளிர்விக்கவும் பெட்ரோலைச் செலவழிக்கிறோம், அதனால்தான் கூடுதல்.

நான்கு சிலிண்டர் டர்போ கார், இலக்கு 200 பிஎச்பி. 200ஐ 6.3ஆல் பெருக்கினால் 1260 சிசி. நான்கால் வகுத்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 315. இன்ஜெக்டரை நூறு சதவீதமும் திறந்தே வைக்கக் கூடாது. 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். 315ஐ 0.8ஆல் வகுத்தால் 394. நம் பங்க்குகளில் கிடைக்கிற இ20க்காக, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக, இன்னும் 8 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 425 சிசி. கடையில் 440 சிசி எளிதாகக் கிடைக்கும்; அதை எடுக்கலாம். பிஎச்பி என்று இங்கே சொல்வது இன்ஜினில் உள்ள பவர். டைனோவில் வீலில் வந்த எண்ணை அப்படியே போட்டால் கணக்கு குறைந்துவிடும்.

80 சதவீதம் ஏன் என்றால், 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு முழுச் சுற்றை, அதாவது நான்கு ஸ்ட்ரோக்கையும், 20 மில்லிசெகண்டில் முடித்துவிடுகிறது. இன்ஜெக்டர் திறக்கவும் மூடவும் நேரம் வேண்டும். திறப்பதற்கே கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் போகும், வோல்டேஜ் குறைந்தால் அதுவும் கூடும். 16 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் மூடுவதற்குள் அடுத்த உத்தரவு வந்து நிற்கும். அங்கே இசியு சொல்வது ஒன்று, சிலிண்டருக்குப் போவது இன்னொன்று.

பெரிய இன்ஜெக்டர் போட்டால் பவர் கூடுமா?

கூடாது. பவரைக் கொண்டுவருவது காற்று. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தருவதுதான் இன்ஜெக்டரின் வேலை.

அப்படியானால் இருப்பதிலேயே பெரியதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாமே, பின்னால் உதவும்?

இந்த யோசனையில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். 1000 சிசி இன்ஜெக்டரை 180 பிஎச்பி காரில் மாட்டினால், ஐடிலில் அது ஒரு மில்லிசெகண்டைச் சுற்றித்தான் திறக்க வேண்டியிருக்கும். அவ்வளவு சின்ன நேரத்தில் நான்கு இன்ஜெக்டரும் ஒரே அளவு பீய்ச்சாது. சிக்னலில் நிற்கும்போது வண்டி ஆடும், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், மைலேஜ் விழும், புகைப் பரிசோதனையில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) ஏறும். புதிய தலைமுறை இன்ஜெக்டர்கள் இதில் பரவாயில்லை. ஆனாலும் டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்கப் பிடிக்கும் நேரம்) அட்டவணை, சின்னத் திறப்பு நேரத்துக்கான திருத்தம் ஆகிய தகவல்களோடு வராத இன்ஜெக்டரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தத் தகவல் இல்லாவிட்டால் டியூனர் குத்துமதிப்பாகத்தான் வேலை செய்ய முடியும்.

மணிக்கு 255 லிட்டர் தள்ளுகிற பம்ப் போதுமா? நண்பர் 450 லிட்டர் போடச் சொல்கிறார்.

மேலே போட்ட கணக்கையே எடுப்போம். 200 பிஎச்பிக்கு நிமிடத்துக்கு 1260 சிசி. மணிக்கு 76 லிட்டர்கூட இல்லை. இ20க்கும், தேய்மானத்துக்கும், பூஸ்ட்டில் ஏறும் பிரஷருக்கும் தாராளமாக இடம் விட்டாலும் 255 லிட்டர் பம்ப் 250 பிஎச்பி காரைச் சிரமமில்லாமல் தாங்கும்.

450 லிட்டர் பம்பை அதே காரில் போட்டால் நடப்பது வேறு. ஐடிலில் இன்ஜின் ஒரு சொட்டுதான் கேட்கிறது. மீதி முழுவதும் ரெகுலேட்டர் வழியாகத் திரும்ப வேண்டும். கம்பெனி ரெகுலேட்டரின் துவாரம் அதற்குப் பத்தாது. 3 பாரில் நிற்க வேண்டிய பிரஷர் தானாக ஏறிக்கொண்டே போகும், வண்டி ரிச்சாக ஓடும். சுற்றிச் சுற்றி வருகிற பெட்ரோல் சூடேறும். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் ஊளையிடுகிற சத்தத்தைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன சொல்ல.

பம்ப் புதுசு, பில்டர் புதுசு. இருந்தும் பிரஷர் இறங்குகிறது. ஏன்?

வயரிங்கைப் பாருங்கள். நாங்கள் பார்க்கிற பெட்ரோல் புகார்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான்.

பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 13.5 வோல்ட்டுக்கானது. ஒரு வோல்ட் குறைந்தால் ஓட்டம் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கம்பெனி போட்ட மெல்லிய வயர் கம்பெனி பம்புக்கு மட்டும்தான் போதும். பெரிய பம்புகள் பிரஷரில் 10 ஆம்பியரைத் தாண்டி இழுக்கும்போது அந்த வயரிலேயே வோல்டேஜ் தேய்ந்துவிடும்.

சோதனை எளிது. பின் சீட்டைத் தூக்கினால் பம்பின் மேல்மூடி தெரியும். இன்ஜின் ஓடட்டும், ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடட்டும். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து அளந்துகொள்ளுங்கள், பிறகு பம்பின் இரண்டு பின்னிலும் அளங்கள். பேட்டரியில் 14, பம்பில் 13.6 என்றால் கவலையில்லை. 12.8 என்றால் புதுப் பம்பில் போட்ட காசில் ஒரு பகுதி வயரில் சூடாகப் போகிறது. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் டீ நிறத்துக்கு வந்திருந்தால், அந்தப் பின் பிடி தளர்ந்து சூடேறியிருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டாதீர்கள், கனெக்டரையே மாற்றுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் ஒன்றைப் பின்னால் கொண்டுபோய், பழைய பம்ப் வயரை ரிலேயைத் தூண்ட மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதுதான் விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். சுவிட்ச் போட்டு நேரடியாக ஓட விடுகிற ஐடியாவுக்கு இணங்க வேண்டாம். எர்த் வயரையும் அதே தடிமனில் போடுங்கள். பாசிட்டிவை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தை மறந்த வேலைதான் நிறைய வருகிறது. பம்பைக் கட்டுப்படுத்தத் தனி மாட்யூல் இருக்கிற புதிய கார்களில் இந்த ரிலே வேலை பொருந்தாது. அவற்றில் மாட்யூலைப் பற்றித் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

இன்ஜெக்டரை மாற்றாமல் ரெகுலேட்டரில் பிரஷரைக் கூட்டினால் போதாதா?

ஓரளவுக்கு. 3 பாரை 4 ஆக்கினால் 15 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்சும், அவ்வளவுதான். வர்க்கமூலக் கணக்கு இங்கேயும் உண்டு. அதே நேரம் பம்பின் சுமை ஏறி அதன் ஓட்டம் குறையும். கொஞ்சம்தான் பற்றாக்குறை, பம்ப் பலமாக இருக்கிறது, டியூனர் மேப்பில் திருத்துகிறார் என்றால் செய்யலாம். ஸ்க்ரூவைத் திருகிவிட்டு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது டியூனிங் ஆகாது.

என்னுடையது டிஎஸ்ஐ. அதற்கும் இதே கணக்குதானா?

இல்லை. போலோ டிஎஸ்ஐ, வெர்டஸ் 1.5, பலேனோ ஆர்எஸ் போன்றவை சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சுகிற கார்கள். அவற்றில் இரண்டு பம்ப் உண்டு. டேங்கில் இருக்கிற பம்ப் சில பார் பிரஷரில் பெட்ரோலை முன்னால் அனுப்பும். இன்ஜினில், கேம்ஷாஃப்ட் ஓட்டுகிற இன்னொரு பம்ப் அதை நூறு, இருநூறு பாருக்கு ஏற்றும். புதிய இன்ஜின்கள் சிலவற்றில் 350 பார் வரைகூட.

இங்கே நெருக்கடி நேரத்தில்தான். போர்ட் இன்ஜெக்டருக்கு 20 மில்லிசெகண்டும் கிடைக்கிறது, வால்வு மூடியிருக்கும்போதுகூடப் பீய்ச்சி வைக்கலாம். நேரடி இன்ஜெக்டருக்கு முக்கியமாகக் காற்று உள்ளே வருகிற ஸ்ட்ரோக்தான். 6000 ஆர்பிஎம்மில் அது 5 மில்லிசெகண்ட். அவ்வளவு குறைந்த நேரத்தில் தேவையான பெட்ரோலைத் தள்ள பிரஷர் அதிகம் வேண்டும். அதனால்தான் பெரிய டர்போ போட்ட டிஎஸ்ஐ கார்களில் முதலில் மூச்சு வாங்குவது கேம் ஓட்டுகிற அந்த உயர் அழுத்தப் பம்ப்.

லாக்கில் இரண்டு வரியைப் பாருங்கள்: இசியு கேட்ட ரெயில் பிரஷர், உண்மையில் இருக்கிற ரெயில் பிரஷர். மேல் ஆர்பிஎம்மில் இரண்டும் பிரிந்தால் பற்றாக்குறை. ஆனால் உடனே உயர் அழுத்தப் பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். டேங்க் பம்ப் முன்னால் போதுமான அளவு அனுப்பாவிட்டாலும் லாக்கில் இதே படம்தான் வரும். முதலில் கீழ் அழுத்தத்தை அளங்கள். பல நேரம் விலை குறைந்த அந்தப் பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும்.

இந்தக் கார்களில் ரெயில் நட்டைச் சும்மா கழற்றிப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். 200 பாரில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

இ20 வந்த பிறகு, பழைய டியூனிங் அப்படியே செல்லுமா?

மறுபடி பார்ப்பது நல்லது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்ததற்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 7 முதல் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இ10 காலத்தில் டியூன் செய்த காராக இருந்தால் இடைவெளி 4, 5 சதவீதம்.

மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு தானே சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் பல இசியுக்கள் சென்சாரைக் கேட்பதில்லை, மேப்பில் எழுதியதையே ஊற்றும். இடைவெளி நேராக லீன் பக்கம் விழுவது அங்கேதான். எத்தனாலுக்கு ஆக்டேனும் குளிர்விக்கும் குணமும் உண்டு, உண்மைதான்; சரியாக டியூன் செய்தால் டர்போ காருக்கு அது லாபம்கூட. டியூன் செய்யாமல் அந்த லாபம் கிடைக்காது.

டியூனரிடம் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) எண்ணை வைத்துப் பேசாமல் லாம்டாவில் பேசுங்கள். பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருந்தாலும் லாம்டா 1 என்றால் 1தான்.

பங்க்கில் ஊற்றியதில் எவ்வளவு எத்தனால் என்று பார்க்க ஆசைப்பட்டால், அளவுக் கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 28 மில்லி பக்கம் நின்றால் இ20. இதே காரணத்தால்தான், பல வாரம் நிறுத்தி வைக்கிற காரின் டேங்க் மூடி மழைக்காலத்தில் ஒழுங்காக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

ஹோஸ் எதைப் போடுவது? டிராக்டர் கடையில் கிடைக்கிற பெட்ரோல் ஹோஸ் போதாதா?

போதாது. இந்த விஷயத்தில் கறாராகவே சொல்கிறோம். கார்புரேட்டர் காலத்து ஹோஸ் இன்ஜெக்டர் கார்களின் பிரஷரைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. எத்தனால் பட்டால் உள்ளே உப்பும், பிறகு பொரிந்து உதிரும். இன்ஜின் பக்கம் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ், அல்லது எத்தனாலைத் தாங்குகிற பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள் குழாய் கொண்டது. பெரும்பாலான கார்களுக்கு ஏஎன்-6 அளவு தாராளம்.

டேங்குக்குள் முழுகியிருக்கிற துண்டுக்கு ஆர்9 ஆகாது. அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்கானது அல்ல. அங்கே ஆர்10. பம்ப் மாற்றிய சில மாதத்தில் பிரஷர் விழுகிறது என்று வந்த காரின் டேங்கைத் திறந்தால், பம்ப் நன்றாகவே இருக்கும். அதற்கு மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டர் ஹோஸ் ஜவ்வாகி, கிளாம்ப் பக்கத்தில் வெடித்து, பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருக்கும். கிளாம்பும் சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்குகிற வகையாக இருக்கட்டும். பல் வெட்டிய வார்ம் கிளாம்ப் ஹோஸைக் கடித்துவிடும்.

பில்டரில், பம்புக்குப் பிறகு 10 மைக்ரான் கண்ணாடியிழை வகை. எத்தனாலுக்குக் காகித வகை வேண்டாம். பம்புக்கு முன்னால் நைசான பில்டர் போடக் கூடாது. பம்ப் தள்ளும், உறிஞ்சச் சிரமப்படும்.

வளைவுகளில் மட்டும் இன்ஜின் ஒரு நொடி விட்டு எடுக்கிறது. டேங்கில் கால் பங்கு இருக்கிறது.

பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போதும், அஞ்செட்டிப் பக்க வளைவுகளிலும் இது தெரியும். ஏற்காடு போகிறவர்கள் நன்றாகவே உணர்ந்திருப்பார்கள். டர்போ முழு பூஸ்ட்டில் இருக்கும்போது அந்த ஒரு நொடி லீன் ஆவது ஆபத்து.

ரோடு காருக்கு மலிவான தீர்வு, அரை டேங்குக்குக் கீழே விடாமல் ஓட்டுவது. பம்பைக் குளிர்விப்பதும் சுற்றியுள்ள பெட்ரோல்தான் என்பதால் அதற்கும் நல்லது. புதுப் பம்ப் மாட்டும்போது கம்பெனி வைத்த பிளாஸ்டிக் கிண்ணத்தை வெட்டி எறிந்தார்களா என்றும் பாருங்கள். வளைவில் பெட்ரோலைப் பிடித்து வைப்பதற்குத்தான் அந்தக் கிண்ணம், அதை வெட்டிவிட்டு “பெரிய பம்ப் இப்படித்தான்” என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ, கோவை செட்டிப்பாளையம் கரி டிராக்கிலோ ஓட்டுகிற காருக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் சர்ஜ் டேங்க் (வளைவிலும் பம்புக்குப் பெட்ரோல் கிடைக்க வைக்கிற சின்ன டேங்க்) தனியாக வைக்கலாம். அதைக் கேபினுக்குள் வைப்பதாக இருந்தால் நடுவில் உலோகத் தடுப்பு கட்டாயம்.

தொப்பூர் இறக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்க யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே நடந்த விபத்துகள் போதும்.

பெங்களூரில் டைனோ டியூன் செய்தேன். தருமபுரியில் ஓட்டும்போது வண்டி வேறு மாதிரி இருக்கிறதே, பிரமையா?

பிரமை இல்லை. பெங்களூரும் ஓசூரும் சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி 500க்கும் கீழே. மேலே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் பக்கம், இங்கே 95, 96. டர்போ இல்லாத காரில், முழு ஆக்சிலரேட்டரில் இங்கே ஐந்து சதவீதம் காற்று கூடுதலாக வரும். இசியு அதற்கேற்ப மேப்பில் அடுத்த வரிசைக்குப் போகும். பெங்களூர் டைனோவில் அந்த வரிசைக்குக் கார் போயே இருக்காது. அங்கே டியூனர் யோசித்துப் போட்ட எண்தான் இருக்கும், அளந்து போட்ட எண் இல்லை. நல்ல டியூனர் இதைத் தெரிந்தே அந்த இடத்தில் கொஞ்சம் ரிச்சாக விடுவார். கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்போ காரில் அழுத்தத்தை இசியு ஓரளவு சமன் செய்துவிடும். அங்கே தொல்லை வெப்பம். ஓசூரில் சாயங்காலக் காற்றில் டியூன் செய்துவிட்டு, ஏப்ரல் மத்தியானம் காவேரிப்பட்டணம் தாண்டும்போது இன்டேக் வெப்பநிலை எங்கேயோ போயிருக்கும். லாம்டாவைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாருடன், கீழே இறங்கி வந்து ஒரு லாக் எடுத்து டியூனருக்கு அனுப்பினால் அவர் திருத்தித் தர முடியும். நீங்கள் வழக்கமாக நிரப்புகிற பங்க் பெட்ரோலையே டேங்கில் வைத்துக்கொண்டு டியூனிங்குக்குப் போங்கள். 100 ஆக்டேன் ஊற்றி டியூன் செய்துவிட்டு இங்கே சாதாரணப் பெட்ரோலில் ஓட்டினால் நாக்கிங் நிச்சயம்.

பார்ட்ஸ் எங்கே வாங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் பெங்களூர் ஜே.சி. ரோடு, இல்லாவிட்டால் ஆன்லைன். பெயர் பெற்ற பம்புகளுக்குப் போலி தாராளமாக உலவுகிறது. பெட்டியும் ஹாலோகிராமும் அசல் மாதிரியே இருக்கும். ஓட்டத்தை அளப்பதுதான் ஒரே வழி. திரும்புகிற ஹோஸைக் கழற்றி, அளவு போட்ட கேனில் விட்டு, வேலை செய்யும் பிரஷரில் பம்பை 30 விநாடி ஓட விடுங்கள். வந்ததை 120ஆல் பெருக்கினால் ஒரு மணிக்கான லிட்டர். 255 பம்பில் கேனில் இரண்டு லிட்டரை ஒட்டி வர வேண்டும்; பிரஷர் கூடினால் கொஞ்சம் குறையலாம். ஒன்றேகால் லிட்டர்தான் வந்தால், வோல்டேஜைச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டிலேயே பம்ப் மாற்றலாமா?

கை பழகியவர் என்றால் செய்யலாம். திறந்த வெளியில், டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது. பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓட விட்டால் லைனில் பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மேல்மூடி வளையத்தை இரும்பு உளி வைத்து அடிக்காதீர்கள், ஒரு பொறி போதும்; பித்தளை அல்லது மரத்துண்டு. உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சமையலறைக்குப் பக்கத்துப் போர்ட்டிகோவில் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம், அது வேண்டவே வேண்டாம்.

சட்டப்படி இது செல்லுமா? இன்ஷூரன்ஸ்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வாகனம் மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த பம்புக்குப் பதில் அதே அளவு பம்ப் போடுவது பழுதுபார்ப்பு. டர்போ, இன்ஜெக்டர் என்று போய்ப் பவரை மாற்றுவது மாற்றம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால், தீப்பிடித்த அன்று சர்வேயர் கேட்கிற முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. முழு அளவில் மாற்றுகிற காரை டிராக்குக்கென்றே வைத்துக்கொள்வதுதான் எங்கள் யோசனை.

டீசல் காருக்கு?

வேறு உலகம். காமன் ரெயிலில் பிரஷர் 1600, 2000 பார் என்று போகும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு, மாற்றினால் அதை இசியுவில் எழுத வேண்டும். டீசல் ஆய்வு மெஷின் வைத்திருக்கிற பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. அப்புறம் என்ன கவனிப்பது?

முதல் வாரம் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு ஜாயிண்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங்கை மாட்டும்போது துளி இன்ஜின் ஆயில் தடவாமல் விட்டிருந்தால் அது மடிந்து கசியும், அதிகம் வருவது அதுதான். பழைய டேங்கில் புதுப் பம்ப் போட்டால் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பில்டரை ஒருமுறை மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய படிவை எல்லாம் கரைத்துக் கொண்டுவந்து அதில்தான் சேர்க்கும்.